விடுபட்ட ஓர் எழுத்து

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. தமிழில் தொடங்கி, பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கிறாய். அதில் ஒரு வரியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை. 'ஐ ஹேவ் ஃபியூ ஃபிரெண்ட்ஸ் ஹியர்.' நீ எழுதியிருப்பதை அப்படியே தமிழாக்கினால், 'இங்கே எனக்கு நண்பர்கள் அதிகம் இல்லை' என்று வருகிறது. மொழிபெயர்ப்பிலேயே காலம் கழித்தவள் நான். வேறு மாதிரி படிக்க என் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

விடிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 'எ ஃபியூ' என்று எழுத நினைத்து, முன்னால் நிற்கும் 'எ'யை விட்டிருப்பாயோ? அப்படியென்றால், 'எனக்கு இங்கே சில நண்பர்கள் இருக்கிறார்கள்' என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். மூன்று பேர் என்று வைத்துக்கொள். 'எ ஃபியூ' என்பவள் மூன்று பேராவது இருக்கிறார்களே என்கிறாள். 'ஃபியூ' என்பவள் மூன்று பேர்தானே இருக்கிறார்கள் என்கிறாள். 'ஆவது', 'தான்' என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை, ஆங்கிலக்காரர்கள் தலையில் வைக்கிறார்கள், அல்லது வைக்காமல் விடுகிறார்கள். வைக்காமல் விடுவதற்கே ஒரு பொருள் இருக்கிறது என்பதுதான் நமக்குப் பிடிபடுவதில்லை.

நம் காதையும் குறை சொல்ல முடியாது. பேச்சில் அந்த 'எ' முழு எழுத்தாக ஒலிப்பதில்லை. மூச்சோடு மூச்சாகக் கரைந்துவிடும். தமிழ் வேறு நம்மைத் திசைதிருப்புகிறது. 'சிலர் வந்தார்கள்' என்பதைவிட 'ஒரு சிலர் வந்தார்கள்' என்றால் கூட்டம் இன்னும் குறைந்ததுபோல் இருக்கிறது அல்லவா? நம் 'ஒரு' தொகையைச் சுருக்குகிறது. அவர்களுடைய 'எ' அதே இடத்தில் நின்று நம்பிக்கை கொடுக்கிறது.

போன மாதம் போனில் சொன்னாயே, நினைவிருக்கிறதா? ஒரு திட்டத்தைப் பற்றி உனக்குச் சில கேள்விகள் இருந்தன. 'ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்' என்று மேலதிகாரிக்கு எழுதினாய். அவர் மகிழ்ச்சி தெரிவித்து, வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார். நீ அவர்மேல் கோபப்பட்டாய். அவர் படித்ததோ, 'எனக்குச் சந்தேகம் அநேகமாக இல்லை' என்று! கேள்வி கேட்க வேண்டுமானால் 'எ ஃபியூ குவெஸ்டியன்ஸ்' என்று எழுது. ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் கேள்வியைவிட அவநம்பிக்கைதான் முதலில் தெரியும்.

'க்வைட் எ ஃபியூ' என்பதை ஒருமுறை கேட்டிருந்தாய். அது குறைவைச் சொல்வதே இல்லை. நாம் 'கொஞ்சநஞ்சமல்ல' என்போமே, கிட்டத்தட்ட அதுதான். 'த லாஸ்ட் ஃபியூ டேஸ்' என்று 'த' வந்துவிட்டால் 'எ' தேவையில்லை, வருத்தமும் ஒட்டாது. தண்ணீர், நேரம், பொறுமைபோல் எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்', 'எ லிட்டில்', வேறுபாடு இதேதான்.

வெறும் 'ஃபியூ' என்றாலே சோகம் என்றும் நினைத்துவிடாதே. 1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அன்றைய பிரதமர் சர்ச்சில், இரண்டாம் உலகப் போரில் நாட்டைக் காத்துநின்ற தம் விமானப்படை வீரர்களைப் பற்றிப் பேசினார். இத்தனை பேர் இவ்வளவு பெரிய கடனை இத்தனை சிலருக்குப் பட்டதே இல்லை என்றார். 'சோ ஃபியூ' என்பதுதான் அவர் சொன்னது. பிறகு அந்த விமானிகளுக்கே 'த ஃபியூ' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் குறைவில் எத்தனை பெருமை பார்!

'எ ஃபியூ என்றால் எத்தனை அம்மா?' என்று சின்ன வயதில் விரலை நீட்டிக் கேட்பாய். இன்றும் என்னிடம் எண் இல்லை. நாம் 'நாலு பேரோடு பழகு', 'நாலு வார்த்தை பேசு' என்கிறபோது யார் நாலை எண்ணுகிறார்கள்? அந்த நாலுதான் எனக்குத் தெரிந்தவரை 'எ ஃபியூ'வுக்கு மிக நெருங்கிய தமிழ்.

போனில் கேட்டால், 'நன்றாக இருக்கிறேன் அம்மா' என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வரியை மறுபடியும் எழுதி அனுப்பு. 'எ' கைதவறி விடுபட்டது என்றால், அந்த நாலு பேரின் பெயர்களையும் சேர்த்து எழுது. தெரிந்தேதான் விட்டாய் என்றால் அதையும் மறைக்காதே. நான் புறப்பட்டு வருகிறேன்.

உன்
அம்மா