அறுத்தது உங்கள் டெக்னீஷியன், யோகா கற்றுக்கொள்ள வேண்டியது நானா?

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அளவு 54 ஏரோ ரோடு சைக்கிள். உட்கார வைத்து அளவு பார்க்கும் முன்பே ஸ்டீரர் குழாயை (ஃபோர்க்கிலிருந்து மேலே எழுந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் பகுதி) அறுத்தது, ஐந்து மாதமாகியும் சரிசெய்து தராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இது நான் எழுதும் ஏழாவது கடிதம். முந்தைய ஆறு மின்னஞ்சல்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்." அது எந்தப் பிரிவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு புகார் எண்கள் கொடுத்தீர்கள். அதில் இரண்டை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "தீர்க்கப்பட்டது" என்று மூடியும்விட்டீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் கீழே இருப்பவர்களை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

சைக்கிள் உங்களுடையது, அதன் உள்ளமைப்பை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாடலில் ஹேண்டில்பாரும், அதை ஸ்டீரரோடு இணைக்கும் ஸ்டெமும் ஒரே கார்பன் துண்டு. பிரேக் எண்ணெய் ஓடும் ஹோஸ் இரண்டும் அதற்குள்ளேயே ஓடி மேல் பியரிங் வழியாக ஃப்ரேமுக்குள் இறங்குகின்றன. ஸ்டீரரை அறுத்தால் அறுத்ததுதான், ஒட்டவைக்க முடியாது. இதெல்லாம் உங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் யோசித்தேன். உங்களிடமே இரண்டு மாடல்கள் இருந்தன. ஒன்று காற்றைக் கிழித்துப் போக வடிவமைத்த இந்த ஏரோ. இன்னொன்று நெடுந்தூரத்துக்கானது, ஃப்ரேமின் முன்குழாயான ஹெட் டியூப் உயரமானது, அவ்வளவு குனிய வேண்டாம், விலையும் ஏறக்குறைய பாதி. நான் ஓட்டுவது பெரும்பாலும் சமதளத்தில், எதிர்காற்றில், தனியாக. முன்னால் காற்றை மறைக்க யாரும் இருப்பதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி அந்த வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும், மணிக்கு 30 கி.மீ.-இலிருந்து 40-க்குப் போனால் இரண்டேகால் மடங்குக்கு மேல் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஏரோ மேல் ஆசை இருந்தது. ஆனால் என் முதுகு எவ்வளவு குனியும் என்பதும் எனக்குத் தெரியும். பெடல் அச்சிலிருந்து சைக்கிளின் முன்பக்க மேல் முனை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் கேட்டேன்: "என் பழைய சைக்கிளில் ஸ்டாக் 572 மி.மீ., ரீச் 378 மி.மீ. உங்கள் ஏரோ 54-இல் இந்த நிலைக்கு வர முடியுமா?"

உங்கள் விற்பனைப் பிரிவு அருமையான பதில் எழுதியது. ஃப்ரேமின் ஸ்டாக் 545, ரீச் 386. ஹேண்டில்பாருக்குக் கீழே 30 மி.மீ. ஸ்பேசர் (உயர்த்தும் வளையம்) வைத்தால் குழாயின் சாய்வினால் உயரம் 29 மி.மீ. கூடும், ரீச் 9 மி.மீ. குறையும், ஆக 574-ம் 377-ம் கிடைக்கும். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. அந்த மின்னஞ்சலை நம்பித்தான் பாதி விலைச் சைக்கிளை விட்டுவிட்டு இதை வாங்கினேன். பழைய சைக்கிளையும் விற்றுத்தான் பணத்தைச் சேர்த்தேன்.

டெலிவரி எடுக்கப் போனபோது ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் இருந்தது. மேலே மூடி. "மற்ற ஸ்பேசர் எங்கே?" என்று கேட்டேன். "ஷோரூமில் வைக்க இப்படித்தான் அழகாக இருக்கும் என்று அறுத்துவிட்டோம், எல்லா ஏரோ சைக்கிளுக்கும் இப்படித்தான் செய்வோம்" என்றார் டெக்னீஷியன். நான் அதில் உட்காரக்கூட இல்லை. யாரும் என் முழங்காலையோ தோளையோ அளக்கவில்லை. ஹோஸையும் அந்த உயரத்துக்கே குட்டையாக வெட்டியிருந்தார். 25 மி.மீ. போனது என்றால் கை வைக்கும் இடம் 24 மி.மீ. கீழேயும் 7 மி.மீ. தள்ளியும் போய்விட்டது என்று அர்த்தம். கணக்கை எழுதித் தந்தது உங்கள் ஒரு பிரிவு, அதை அறுத்துப் போட்டது இன்னொரு பிரிவு. இரண்டும் ஒரே நிறுவனம்தானே?

இனி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். மூன்றாவது புகார் எண்ணுக்காக நாற்பது நிமிடம் காத்திருந்து கிடைத்த அழைப்பு அது. மேற்பார்வையாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் பேசினார். கை மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது, ஸ்டீரரை அறுத்ததால் உயர்த்த வழியில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் சொன்னது, வார்த்தை மாறாமல்: "சார், சைக்கிள் சரியாத்தான் இருக்கு. உங்க உடம்புதான் வளையல. யோகா கத்துக்கோங்க. இது ரேஸ் சைக்கிள், எல்லாருக்கும் செட் ஆகாது." பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் அந்தச் சைக்கிளைப் பார்த்தால் அந்தச் சிரிப்புதான் காதில் விழுகிறது. எல்லாருக்கும் செட் ஆகாது என்றால், "எனக்கு செட் ஆகுமா" என்று அளவோடு எழுதிக் கேட்டபோது அதை ஏன் சொல்லவில்லை?

உங்கள் விளம்பரப்படி இந்த ஃப்ரேம் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் 12 வாட்ஸ் மிச்சப்படுத்தும். சரி, ஒத்துக்கொள்கிறேன். என் வேகம் 30. அதே மும்மடிக் கணக்கில் அங்கே கிடைப்பது மூன்றரை வாட்ஸ் சொச்சம். அதுகூட எனக்கு வேண்டும்தான், 20 மணிநேரம் மிதிப்பவனுக்குச் சின்னச் சின்ன மிச்சமும் பெரிது. ஆனால் காற்றைத் தடுப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பு. 1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். 24.5 கி.மீ. தனி ஓட்டத்தில் முழங்கைகளை ஒடுக்கி ஊன்றும் ஹேண்டில்பாரில் ஓட்டி, மொத்தப் பந்தயத்தை 8 விநாடியில் ஜெயித்தார். உடம்பை அப்படிக் கடைசிவரை வைத்திருக்க முடிந்ததால்தான் அது நடந்தது. நானோ உங்கள் சைக்கிளில் ஹேண்டில்பாரின் கீழ் வளைவான டிராப்ஸைப் பத்து நிமிடம்கூடப் பிடிக்க முடியாமல், நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டுகிறேன். என் பழைய அலுமினிய சைக்கிளில் இதைவிட வேகமாகப் போனேன். உடம்புக்குப் பொருந்தாத ஏரோ ஃப்ரேமுக்குக் கொடுத்த பணம் குப்பையில் போட்ட பணம்.

இந்த சீசனில் 200, 300 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) இரண்டையும் பழைய சைக்கிளில் முடித்திருந்தேன். 400-ஐ உங்கள் சைக்கிளில் ஓட்டினேன். 27 மணிநேர வரம்புக்குள் வந்துவிட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் நான்கு நாள் மரத்துக் கிடந்தன. உள்ளங்கையின் வெளி ஓரத்தில் பாரம் விழுந்து நரம்பு அழுந்தியதால் வந்தது என்று மருத்துவர் சொன்னார். 600-இல் 310-ஆவது கி.மீ.-இல் கியர் லீவரைத் தள்ள விரலில் வலு இல்லாமல் இறங்கிவிட்டேன். ஒரே சீசனில் நான்கு தூரமும் முடித்தால்தான் சூப்பர் ராண்டனர் பட்டம். 600 போனதால் மற்ற மூன்றும் வீண். ஒரு வருடப் பயிற்சி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த எழுச்சி எல்லாம் மண்ணாய்ப் போனது. என் வாழ்க்கையில் அந்த ஒரு வருடத்தை நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம், அந்தப் பயணம். இதைச் சொல்லாமல் விட முடியாது. புது ஃபோர்க் வந்துவிட்டது, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சைக்கிளோடு வாருங்கள் என்று உங்கள் சர்வீஸ் சென்டர் அழைத்தது. வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு, சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டி, இரண்டு பேருந்து மாறி, போகவே நான்கு மணிநேரம். பத்து மணிக்கு வாசலில் நின்றேன். டெக்னீஷியன் பன்னிரண்டரைக்கு வந்தார். பெட்டியைப் பிரித்தார். ஃபோர்க்கை எடுத்துப் பார்த்தார். "இது அந்த இன்னொரு மாடலோடது" என்றார்.

நான் வாங்காமல் விட்ட, அந்தப் பாதி விலை மாடலின் ஃபோர்க்! அதன் ஸ்டீரர் முழு வட்டம். என்னுடையதற்கு ஹோஸ் போக வழிவிட்டு ஒரு பக்கம் தட்டையான, ஆங்கில D எழுத்து வடிவம். கண்ணால் பார்த்தாலே தெரியும். பெட்டியின் மேல் பார்ட் எண்ணும் ஒட்டியிருந்தது. முந்தின நாள் யாராவது ஒருவர் அந்தப் பெட்டியை ஒரு நிமிடம் திறந்திருந்தால் நான் வந்திருக்க வேண்டியதில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் யாரிடமிருந்தும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

வந்தது வந்தீர்கள், விட்டுப் போங்கள், சரியான ஃபோர்க் வந்ததும் மாட்டித் தருகிறோம் என்றார்கள். விட்டேன். மூன்று வாரம் கழித்து, ஃபோர்க் மாட்டாமலேயே திரும்பக் கொடுத்தார்கள். மாட்டிப் பார்க்கிறேன் என்று ஹோஸைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்பச் சேர்த்தபோது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி ஒழுங்காக ப்ளீட் செய்யவில்லை. முன் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை போகிறது. அதை நான் கண்டுபிடித்தது தெருமுனை இறக்கத்தில். எதிரே ஒரு குழந்தை வந்திருந்தால்? இதற்கு மட்டுமே உங்கள் மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, பேசித் தீர்க்கலாம் என்று இன்னும் நம்புகிறேன்.

சீட் போஸ்ட்டும் இறங்குகிறது, 60 கி.மீ.-க்கு 8 மி.மீ. வழுக்காமலிருக்க கார்பன் பேஸ்ட் தடவி, அதை இறுக்கிப் பிடிக்கும் வெட்ஜில் எழுதியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே முடுக்கினேன். அந்த வெட்ஜை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். அது சின்ன விஷயம், விடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால், இரண்டாவது புகார் எண்ணில், உங்கள் இன்னொரு ஊழியர் கொடுத்த யோசனையைத் தயவுசெய்து கவனியுங்கள். "கீழே இன்னும் இரண்டு ஸ்பேசர் போட்டு ஹேண்டில்பாரைத் தூக்கி மாட்டுங்க, மேல் போல்ட் பிடிச்சுக்கும்" என்றார். ஸ்டீரர் எட்டாத இடத்தில் ஸ்டெம் போல்ட் எதைப் பிடிக்கும்? 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்கேப்பியின் ஸ்டீரர் முறிந்து, ஹேண்டில்பார் தனியாகக் கையோடு வர, அவர் கீழே விழுந்தார். தேர்ந்த மெக்கானிக்குகள் சூழ்ந்த அணியில் இருந்தவருக்கே அந்த நிலை. எனக்கு ஓரளவு விவரம் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாத ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊழியரிடம் நீங்கள் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிப் பதில்: "ஃபோர்க்கை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், 14 வாரம் ஆகும், டெலிவரியின்போது நீங்கள் கையெழுத்திட்டிருப்பதால் உத்தரவாதத்தில் வராது." கையெழுத்திட்டது சைக்கிளைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு. அறுக்கச் சொல்லி நான் கையெழுத்திடவில்லை. அன்றே ஸ்பேசர் எங்கே என்று கேட்டதற்கு, "ஓட்டிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருகிறோம்" என்று உங்கள் கடை மேலாளர் மூன்று பேர் முன்னிலையில் சொன்னார். அதை நம்பித்தான் வண்டியை எடுத்தேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. சைக்கிள் நல்ல சைக்கிள்தான், முதல் ஒரு மணிநேரம் அது ஓடும் ஓட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் கோரிக்கை பெரிதல்ல. அறுக்காத ஸ்டீரரோடு அதே நிறத்தில் புது ஃபோர்க், அதற்கேற்ற நீளத்தில் புது ஹோஸ், 30 மி.மீ. ஸ்பேசர், சரியான வெட்ஜ், எல்லாம் உங்கள் செலவில். பிரேக்கை ஒழுங்காக ப்ளீட் செய்து தர வேண்டும். இது முடியாது என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த இன்னொரு மாடலையும் விலை வித்தியாசத்தையும் தாருங்கள். இரண்டில் எதுவானாலும், யோகா கற்றுக்கொள்ளச் சொன்னவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும். அந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் இயந்திரமே தொடக்கத்தில் சொன்னது. பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். சிரித்தது யார் என்றும் கேளுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஸ்டாக், ரீச் கணக்குப் போட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், 5 மி.மீ. ஸ்பேசரோடு டெலிவரி நாளில் எடுத்த படம், சைக்கிளை உடம்புக்கு அளவு பார்க்கும் ஃபிட்டரின் அளவுத் தாள், மருத்துவர் சீட்டு, தவறான ஃபோர்க் பெட்டியின் பார்ட் எண் படம், எல்லாம் நகலோடு தயாராக இருக்கின்றன. என்னோடு ஓட்டுகிறவர்களில் மூன்று பேர் இதே மாடலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். "எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு வாரமும் என்னைக் கேட்கிறார்கள். இதுவரை பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

சைக்கிள் முன் பிரேக் இல்லாமல் வீட்டுச் சுவரோரம் நிற்கிறது. இனி அதைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏற மாட்டேன். ஃபோர்க் வந்தால், பெட்டியைத் திறந்து ஸ்டீரர் D வடிவம்தானா என்று பார்த்துவிட்டு, உங்கள் ஆளை இங்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்