பூட்டிய வளவுகளில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகுதான் தூரிகையைத் தொட்டேன். பேத்தி விட்டுப்போன வண்ணப் பெட்டியில் ஆரம்பித்தது, இப்போது காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் வரைகிறேன்.

என்னைப் போல இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறோம். தபால்காரராக இருந்தவர், ஜவுளிக்கடையை மகனிடம் ஒப்படைத்தவர், பனையோலைக் கொட்டான் (கூடை) முடையும் ஓர் ஆச்சி. ஒன்றாக உட்கார்ந்து வரையத்தான் இடமில்லை. ஓவிய வகுப்பு என்று விசாரித்தால், "எந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்கிறார்கள்.

ரவீந்திரநாத் தாகூர் அறுபதைத் தாண்டிய பிறகுதான் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடு கோடாக இணைக்கப்போய் அவை உருவங்களாயின. 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். அவ்வளவு தூரம் போவானேன்? அந்த ஆச்சி துணியை மாவில் நனைத்து நடுவீட்டுக் கோலம் போடும்போது கை ஒரு இடத்திலும் தயங்காது. காகிதத்தைக் கொடுத்தால் மட்டும் "எனக்கு வராது" என்பார். பக்கத்தில் நாலு பேர் வரைந்துகொண்டிருந்தால் அந்தப் பயம் தெளிந்துவிடும். அதற்காகத்தான் இடம் கேட்கிறோம்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து வீட்டைத் திறக்கிறீர்கள், அப்புறம் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறீர்கள். பிழைப்பு அங்கே இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் முற்றத்தைச் சுற்றியிருக்கும் அந்த வளவின் வெளிச்சத்தை நினைத்தால் மனசு கேட்கவில்லை. தெரிந்த ஒரு வீட்டில் வரைய விட்டார்கள். காலை வெயில் முற்றத்தில் இறங்கித் தூண் நிழலைத் தரையில் பதித்த பூக்கல் மேல் சாய்த்திருந்தது. வெயில் பட்ட சிவப்பு எளிதாக வந்துவிட்டது. நிழலில் இருந்த சிவப்புக்குள் நீலம் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடிக்கத்தான் அன்று முழுக்க ஆனது. அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

அந்தச் சிவப்பைத் தேடி, பூக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கே போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் கூழை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். பூவின் முகம் அடியில், கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி கழன்றால்தான் அந்தப் பளபளப்பு கண்ணுக்குத் தெரியும்.

வாரத்தில் இரண்டு காலை, முகப்பும் வளவும் மட்டும் போதும். நீர்வண்ணம்தான் பயன்படுத்துவோம், எண்ணெய் வண்ணம் உள்ளே வராது. தரையில் தார்ப்பாய் விரிப்போம், சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், போகும்போது பெருக்கித் துடைத்துவிட்டுப் போவோம். நிலைக்கதவின் செதுக்கல், முகப்பின் மேலே இருக்கும் கஜலட்சுமி சுதை எல்லாவற்றையும் வரைந்து உங்களுக்கே ஒரு பிரதி தருகிறோம். எத்தனையோ வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவுமாக விற்றுவிட்டார்கள். இருக்கும்போதே வரைந்து வைப்பது நல்லதுதானே?

ஒரு பங்காளி சரி என்றாலும் மற்றவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது இதைப் பேச்சில் எடுங்கள். சாவி எங்களிடம் வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து திறந்துவிட்டால் போதும்.

அன்புடன்,
காலம் கடந்து வரையத் தொடங்கிய ஓர் ஆசிரியை