பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடம் வரவில்லை என்று நேற்று போனில் நீ அழுதபோது எனக்குப் பேச வரவில்லை. "எல்லாரும் கட்டையை மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்துடறாங்கப்பா, எனக்கு வரல. மெக்கானிக்கல் எனக்கு ஒத்து வராது" என்றாய். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐடிஐயில் 28 வருஷம் டிராயிங் எடுத்தவன் சொல்கிறேன், கேள். ஃபிட்டர் பிள்ளைகளும் முதல் மாதம் உன்னைப் போலத்தான் விழிப்பார்கள். ஆறு மாதம் அரமும் வைஸுமாகக் கிடந்த பிறகு, கட்டையைப் பார்த்ததுமே முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று வியூவும் போட்டுவிடுவார்கள். சைக்கிள் கடையில் வளர்ந்த பையனுக்கு முதல் நாளே வரும். கை தொட்டுப் பழகியதைத்தான் கண் திருப்பிப் பார்க்கிறது. உன் அம்மா பத்தாவதோடு நின்றவள். தட்டையான துணியில் கைக்குழியை வெட்டும்போதே தோளில் அது எப்படி உட்காரும் என்று அவளுக்குத் தெரிகிறதே!

உன் அண்ணன் மிக்ஸியைப் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நீ ஸ்பேனரைத் தொட்டால் கையைக் கிழித்துக்கொள்வாய் என்று பிடுங்கி வைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது, பாப்பா.

அமெரிக்காவில் ஷெரில் சார்பி என்று ஒரு பேராசிரியை. படிக்கும் காலத்தில் அவருக்கும் இதே கிராஃபிக்ஸ் பாடம்தான் தகராறு. அவர் 1993-இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இதில் பின்தங்கிய முதல் வருஷ மாணவர்களுக்கென்றே ஒரு வகுப்பைத் தொடங்கினார். கட்டைகளைக் கையில் வைத்து, பென்சிலால் வரைந்து வரைந்து பழகினார்கள். தேறினார்கள். 2013-இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், பயிற்சியால் இந்தத் திறன் வளரும், வளர்ந்தது நிலைக்கும் என்றே சொன்னார்கள்.

அதனால் கம்ப்யூட்டரை இப்போதைக்குத் தள்ளி வை. சோப்பை வாங்கிச் சாய்வாக வெட்டு, வெட்டிய முகத்தை வரை. அப்புறம், வியூக்களைத் தாளில் அடுக்க நம் ஊர் முறை ஃபர்ஸ்ட் ஆங்கிள்; மேலிருந்து பார்க்கும் பிளான், முன் வியூவுக்குக் கீழே வரும். பதற்றத்தில் அதை மாற்றிப் போட்டுவிடாதே.

உனக்கு ஏழு வயதில் வேலூர் கோட்டைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைக் காட்டி, "காக்காய்க்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். மண்ணில் குச்சியால் ஒன்றுக்குள் ஒன்றாக நீள்சதுரங்கள் போட்டாய். அதுதான் பாப்பா டாப் வியூ. யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

எட்டு மரக்கட்டை இழைத்துப் பார்சலில் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நம்பர் இருக்கும். 1-ஐ வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அப்பா