எங்கள் நோவாவைத் தள்ளிவிட்டவர்களுக்கும் கோளாறைக் கண்டுபிடித்தவர்களுக்கும்

புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும் திருமயம் சாலையிலும் எங்கள் வெள்ளை அம்பாசிடரைத் தள்ளிவிட்ட அத்தனை பேருக்கும் முதல் வணக்கம். பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தவர்கள், ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த ஆட்டோக்காரர்கள், “அக்கா, செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச மிதிச்சுக்குங்க, நாங்க சொல்றப்ப விடுங்க” என்று எனக்கே பாடம் எடுத்த பள்ளிக்கூடப் பையன்கள். நீங்கள் தள்ளியதால் வண்டி வீடு வந்து சேர்ந்தது. அதோடு போகவில்லை, கோளாறு எங்கே என்பதற்கு முதல் துப்பும் அதில்தான் கிடைத்தது.

வண்டி 1991 மாடல் அம்பாசிடர் நோவா, பெட்ரோல். அப்பா ஓட்டியது. தினமும் வரும் கோளாறு என்றால் யாரும் பிடித்துவிடலாம். இது நினைத்தால்தான் வரும். காலையில் ஒரே திருப்பில் எடுக்கும். கடைக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி ஒழுங்காக எடுத்துவிடும்.

பேட்டரிக் கடை அண்ணனுக்கு நன்றி. நான் புது பேட்டரி வாங்கத்தான் போனேன். அவர் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டினார், பிறகு லோடு டெஸ்டரையும் வைத்துப் பார்த்தார். “இதுல ஒண்ணுமில்லம்மா, காச வச்சுக்குங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். விற்க வேண்டிய பொருளை விற்காமல் அனுப்பிய கடைக்காரரை நான் பார்த்தது அங்கேதான்.

செல்ஃப் மோட்டாரை, அதாவது சாவியைத் திருப்பியதும் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரை, கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுத்த பாய்க்கும் நன்றி. அதற்குப் பிறகு வண்டி கொஞ்ச நாள் நன்றாக எடுத்தது; கோளாறு தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். உண்மையில் மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது பக்கத்திலிருந்த வேறொன்று அசைந்து, தற்காலிகமாகச் சரியாகியிருக்கிறது. பழைய வண்டியில் இந்த மாதிரி பொய்க் குணம் அடிக்கடி வரும் என்று பாயே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னார்.

இனி, போக்குவரத்துக் கழகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெரு ஐயா. அவர் வண்டியைத் தொடவே இல்லை. என்னிடம்தான் கேள்வி கேட்டார். தள்ளினால் உடனே பிடிக்கிறதா? பிடிக்கிறது என்றேன். அப்படியானால் பெட்ரோலும் கரண்டும் சரி, செல்ஃப் சுற்றாததுதான் சிக்கல் என்றார். ‘டக்’ ஒரு தடவையா, ‘டகடக’வென்று தொடர்ந்தா? தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். சத்தமே இல்லையென்றால் சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச், சாலினாய்டுக்கு (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வரும் சின்ன ஒயர் பக்கம் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் வெளிச்சம் செத்துப்போகிறதா, அப்படியே நிற்கிறதா? இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். கடைசியாக ஒரு கட்டளை: “அடுத்த தடவை எடுக்கலைன்னா தள்ளாதீங்க. எதையும் ஆட்டாதீங்க. எனக்கு போன் போடுங்க.”

அந்த அடுத்த தடவை, நல்லவேளை, எங்கள் வீட்டு வாசலிலேயே வந்தது. எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண் தன் மல்டிமீட்டரோடு வந்தாள். ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் பிடித்துவிடாமலிருக்கக் பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் காயிலின் ஒயரை எடுத்து எர்த் செய்துவிட்டுத் தொடங்கினார்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முளையில், இன்னொன்று என்ஜின் பிளாக்கில். நான் சாவியைத் திருப்ப வேண்டும். எர்த், அதாவது கரண்ட் என்ஜினிலிருந்து பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி, நன்றாக இருந்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாதாம். மூன்று வோல்ட்டைத் தாண்டியது.

அம்பாசிடரில் என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. அதனால் என்ஜினையும் பாடியையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. எங்களுடையது கீழே, ஆயிலும் சேறும் மழைத்தண்ணீரும் படும் இடத்தில், பச்சை பூத்து, இழை இழையாக அறுந்து, மிச்சமிருந்த நாலு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் அசையும்போது இழைகள் தொட்டால் வண்டி எடுக்கும், தொடாவிட்டால் ‘டக்’.

இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் ‘பீப்’ சத்தத்தை மீட்டரில் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டை நல்லதென்றுதான் காட்டும், காட்டியது. அந்தச் சோதனையில் ஓடுவது துளிக் கரண்ட். அதற்கு ஒரு இழை போதும். செல்ஃப் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கு மேல். 150 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும் என்று அந்தப் பெண் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அதனால்தான் சாவியைத் திருப்பும்போதே அளக்க வேண்டும்.

ஐயா அதற்குள் சோக் கம்பியை, டேஷ்போர்டிலிருந்து என்ஜினின் கார்புரேட்டருக்குப் போகும் கம்பியை, தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாக இருந்தது! எர்த் பட்டையில் வழி கிடைக்காத கரண்ட் சோக் கம்பி வழியாக பாடிக்குப் போயிருக்கிறது. மீட்டரே இல்லாத காலத்து டிப்போ சோதனையாம் இது. அப்படியே விட்டால் கம்பியின் உறை கருகித் தீப்பிடிக்கவும் கூடும். பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினுக்கு ஒரு ஜம்பர் கேபிள் போட்டதும் செல்ஃப் விர்ரென்று சுற்றியது. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் செல்ஃபையே புதிதாக மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் பொருளை மாற்றுவது வேறு, கோளாறைத் தேடுவது வேறு. தேடியவர்களுக்குத்தான் இந்த மடல்.

வெல்டிங் கேபிளை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் போல்ட் மாட்டும் லக் வளையம் அடித்துக் கொடுத்த பட்டறை அண்ணனுக்குக் கடைசி நன்றி. பாடியில் போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, மாட்டி, கிரீஸ் தடவியதும் அவரேதான். பிறகு சாவியைத் திருப்பி அளந்தபோது மீட்டர் காட்டியது 0.1. ஒன்றுக்கு இரண்டாகவே செய்து கொடுத்திருக்கிறார், காசும் ஒன்றுக்குத்தான் வாங்கினார். மற்றது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஊரில் இன்னும் நோவா வைத்திருப்பவர்கள் யாருக்காவது ‘டக்’ கேட்டால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம்.