கோரையாற்றங்கரையில் பூத்திருப்பது நாணல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோரையாற்றங்கரையில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் புல்லின் படத்தைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் பார்த்தேன். நல்ல படம். ஆனால் கீழே ‘ஆற்றை அடைத்து நிற்கும் சம்பு’ என்று போட்டிருந்தீர்கள். அது சம்பு அல்ல, நாணல். பெயர்தானே என்று விட மனம் வரவில்லை. இங்கே தூர்வாரும் பேச்சு நடக்கிறது. சம்பு என்று சொல்லிவிட்டால் ஜேசிபி வந்து கரையோடு வழித்துவிடும். எங்கள் பக்கத்து வாய்க்காலில் அப்படித்தான் வழித்தார்கள். அடுத்த மழையிலேயே கரை சரிந்து, ஓரத்தில் நின்ற என் தென்னைகள் இரண்டு வேரோடு சாய்ந்தன.

அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. தண்டை ஒடித்து விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருக்கும், உருளாது, கணுவும் இருக்காது. சம்பின் இலை தடித்துப் பட்டையாக, அழுத்தினால் அமுங்கும். உச்சியில் பழுப்பு நிறத்தில் உருண்டு நீண்ட கதிர் நிற்கும். நாணலுக்கோ கரும்பைப் போலவே வரிசையாகக் கணு உண்டு. கணுவுக்குக் கீழே வெள்ளையாக மாவு படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் கையோடு வரும். தோகை ஒடுங்கியது, நடு நரம்பு வெள்ளை. ஓரத்தை உருவினால் ரத்தம் வந்துவிடும், குழந்தைகள் ஜாக்கிரதை. நீருக்குள்ளேயே ஆள் உயரத்துக்கு மேல் வளரும் இன்னொரு புல்லையும் நாணல் என்பார்கள். அதற்குத் தோகை அகலம், பூவில் பழுப்பு ஓடும்.

நிற்கிற இடமும் காட்டிக்கொடுக்கும். தடுப்பணைக்கு மேலே தண்ணீர் தேங்கி, சாக்கடையும் கலக்கிற இடத்தில் சம்பு மண்டும். நாணல் மணல் திட்டிலும் வண்டல் கரையிலும் நிற்கும். வெள்ளத்தில் மூழ்கும், கோடையில் காய்ந்து தீப்பிடித்துக்கூடப் போகும். ஆனாலும் மண்ணுக்குள் படர்ந்து ஓடும் தண்டு சாகாது, மழை விழுந்ததும் குருத்து விடும். கரையைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பின்னல்தான்.

நான் கரும்பு விவசாயி. கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், நல்ல கரும்பை இந்தக் காட்டு நாணலோடு கலப்புச் செய்துதான் 1918-இல் கோ 205 ரகத்தைக் கொடுத்தார்கள். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் செய்த வேலை அது. பின்னால் தலச்சேரியில் பிறந்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் அதே இடத்தில் இருந்து கரும்பு, நாணல் வகைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இன்று வயலில் நிற்கும் கரும்பு தூர் கட்டுவதிலும் வறட்சி தாங்குவதிலும் இந்தப் புல்லுக்குப் பங்கு உண்டு. அதைக் களை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்கிய தண்ணீரில் இருக்கும் சம்பையும் ஆகாயத்தாமரையையும் தாராளமாக எடுக்கட்டும். கரை மேல் நிற்கும் நாணலை மட்டும் இருபுறமும் பத்தடிக்கு விட்டுவிட வேண்டும். இங்கே பனைகளில் கூடு கட்டும் தூக்கணாங்குருவிகளும் அந்தத் தோகையைத்தான் கிழித்துக்கொண்டு போகின்றன. வண்டி இறங்குவதற்கு முதல் நாள் சொன்னால் போதும், எது எது நாணல் என்று கயிறு கட்டி அடையாளம் காட்ட நானும் இங்குள்ள ஆடு மேய்ப்பவர்களும் வருகிறோம்.

– கரும்பு விவசாயி ஒருவர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.