மகளின் பத்திரம் கைக்கு வந்துவிட்டது

அன்புடையீர், வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் தத்தெடுத்த எங்கள் மகளின் புதிய பிறப்புப் பத்திரம் கிடைத்தது. தாய், தந்தை என்ற இடங்களில் எங்கள் இருவர் பெயரும் இருக்கின்றன. தேசியப் பதிவிலாகாவில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். நான்காவது முறை எழுத்து கலங்கிவிட்டது. என் கணவர் வாங்கி வாசித்துக் காட்டினார்.

முதல் நன்றி, அவளைப் பெற்ற தங்கைக்கு. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தொட்டிலை ஆட்டுனா அழுவாக்கா, நெத்தியைத் தடவுங்க, தூங்கிடுவா" என்றாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கும் நெற்றியைத் தடவித்தான் தூங்க வைக்கிறேன்.

பிள்ளையின் பிறப்பை உரிய காலத்தில் பதிந்ததும் அவள்தான். அதன் அருமை எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. தத்து எடுத்துவிட்டாலே பிள்ளைக்குக் குடியுரிமை வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி வராது. பெற்றவள் மலேசியக் குடிமகள், பதிவும் ஒழுங்காக இருந்தது. அதனால் எங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

பட்டர்வொர்த்தில் எங்கள் வழக்கைக் கையில் எடுத்த வழக்கறிஞர் அம்மாவுக்கு என்ன சொல்வது? தத்தெடுப்புக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு இருக்கின்றன என்பதே எங்களுக்குத் தெரியாது. பதிவிலாகா வழியாகப் போனால் பிள்ளை இரண்டு ஆண்டு நம் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும்; நீதிமன்ற வழியில் சமூகநல இலாகாவுக்கு முன்கூட்டியே அறிவித்து, குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து நம்மிடம் இருக்க வேண்டும். இதை ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டு விளக்கினார். அந்த உறை இன்னும் எங்கள் ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. கட்டணத்தையும் மாதாமாதம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

திருமணப் பத்திரத்தில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அடையாள அட்டையோடு ஒத்துவரவில்லை. அன்று அரை நாள் விடுப்புப் போட்டு, சத்தியப் பிரமாணம் எடுக்க என்னோடு ஃபெர்ரி ஏறி வந்த பக்கத்து வீட்டு அக்காவை மறக்க மாட்டேன். நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் பேசாமல் என் கோப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிள்ளையின் சார்பில் பாதுகாவலராக நீதிமன்றம் நியமித்த சமூகநல அதிகாரி காக் (மலாயில் அக்கா) வீட்டுக்கு வரும் நாளன்று விடிகாலையிலிருந்தே தரையைத் துடைத்தோம். வந்தவர் நேராகத் தரையில் உட்கார்ந்தார். மகள் பாதி கடித்து ஊறிய பிஸ்கட்டை நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். தெரீமா காசே (நன்றி), காக்.

முதலில் தயங்கிய எங்கள் அத்தைக்கும் நன்றி. வழக்கு நாளன்று எங்களுக்கு முன்பே குளித்து, பிள்ளைக்குத் திருநீறு பூசித் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவர் அவர்தான்.

வரும் வெள்ளிக்கிழமை காலை பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு அர்ச்சனை. மதியம் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு. எல்லோரும் வந்துவிடுங்கள். தங்கை, உனக்கும் ஓர் இலை போட்டிருக்கும்.