வாசகர் மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: ‘குடிஅரசு’ நூற்றாண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு நூல் என்று எடுத்துப் பேசுவது நம் மன்றத்தின் வழக்கம். நம் ஈரோட்டிலிருந்து 1925 மே 2ஆம் நாள் வெளிவரத் தொடங்கிய ‘குடிஅரசு’ வார இதழுக்கு நூறு ஆண்டு நிறைவதை ஒட்டி, இந்த ஆண்டு முழுவதும் அந்த இதழையும் அதை நடத்தியவரையும் மட்டுமே படிப்பது என்று சென்ற பேரவையில் முடிவு செய்தோம். இது கட்சிக் கூட்டமாக ஆகிவிடக் கூடாது என்று அப்போது தயங்கிய உறுப்பினர்களுக்குக் கொடுத்த வாக்கின்படி, போற்றிப் பேசுவதற்கென்று ஒரு கூட்டமும் நடத்தவில்லை. இதழ்த் தொகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தோம், பல சமயம் சண்டையும் போட்டுக்கொண்டோம். ‘பெரியார்’ என்ற பெயர் 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய காலத்தைப் பேசும்போது ஈ.வெ.ரா. என்றே குறிப்பிடுவது என்ற ஒழுங்கையும் வைத்துக்கொண்டோம். இவ்வறிக்கையிலும் அப்படியே எழுதியுள்ளேன்.

முதல் இரண்டு மாதங்கள் ஈ.வெ.ரா. வளர்ந்த வியாபார மண்டியைப் பற்றிய பேச்சிலேயே கழிந்தன. சிறு வயதில் கூலி வேலை செய்து, வண்டி ஓட்டி, பிறகு மளிகைக் கடை வைத்து, கடைசியில் ஊரறிந்த மண்டிக்காரராக உயர்ந்த வெங்கட்ட நாயக்கரின் இளைய மகனான ஈ.வெ.ரா., பள்ளிப் படிப்பு பாதியில் நின்று பன்னிரண்டு வயதில் அங்கே வந்து உட்கார்ந்தார். மூட்டைகளுக்கு விலாசம் போடுவதும் சரக்கை ஏலம் கூறுவதும் அவருடைய வேலை. 1904இல் வீட்டை விட்டுக் காசிக்குப் போய், சத்திரத்துச் சாப்பாடு பிராமணருக்கு மட்டும் என்று வாசலில் தள்ளப்பட்டு, எச்சில் இலைச் சோற்றில் பசியாறித் திரும்பிவந்த அவர் பெயரிலேயே தந்தை மண்டியை மாற்றி வைத்தார். காசிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மண்டியில் முப்பது ஆண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர், பிப்ரவரிக் கூட்டத்தில் ‘குடிஅரசு’ தலையங்கம் ஒன்றை எடுத்து ஏலக் குரலில் படித்துக் காட்டியபோது, எனக்கு அதுவரை பிடிபடாத ஒன்று பிடிபட்டது. சரக்கின் குறையைத் தானே முதலில் சொல்லிவிடுவது, எதிரில் நிற்பவர் கேட்கப்போவதைத் தானே கேட்டுக்கொள்வது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூவுவது, பிறகு ‘ஏற்றால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் போ’ என்று நிறுத்துவது ஆகியவை அந்த நடையில் அப்படியே இருக்கின்றன. அவருடைய நீண்ட வாக்கியங்களைப் புலவர்கள் குறை சொல்வதுண்டு. அவை காதில் விழுவதற்கென்று எழுதப்பட்டவை என்பதே என் கருத்து.

மார்ச், ஏப்ரல் கூட்டங்களில் அவர் இழந்த பணத்தைப் பற்றிப் பேசினோம். ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர், 1919இல் பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். ஒத்துழையாமைக் காலத்தில் வெள்ளையர் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்பது கட்சியின் முடிவு என்பதால், குடும்பத்துக்கு வரவேண்டிய கடன் பத்திரங்கள் சுமார் 50,000 ரூபாய்க்கு அவர் வழக்குத் தொடரவில்லை. வழக்கறிஞரான சேலம் விஜயராகவாச்சாரியார், பத்திரங்களைத் தம் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் தாமே வழக்காடி வசூலித்துத் தருவதாகச் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. அந்தக் காலத்து ஐம்பதாயிரம் என்றால் என்ன என்பதைப் பவுன் விலையில் கணக்குப் போடத் தொடங்கிய நம் பொருளாளர், பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கள்ளுக்கடை மறியலின்போது தாதம்பட்டித் தோப்பில் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்த செய்தி மட்டும் எளிதில் செரிக்கவில்லை. கள்ளிறக்கக் குத்தகை விடாமல் இருந்தாலே போதுமே, காய்க்கிற மரத்தை வெட்டுவானேன் என்று தோப்பு வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மறியலில் முன்னின்ற அவருடைய மனைவி நாகம்மையார், தங்கை கண்ணம்மாள் பெயர்களைச் சொல்லி யாரோ பதில் அளித்தார்கள். அது பதிலாகாது என்று கேட்டவர் எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் வந்துவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மே 2, வெள்ளி மாலை நடந்த நூற்றாண்டுக் கூட்டத்தில் முதல் இதழின் நகலைப் படித்தோம். நடுவில் மின்சாரம் போனதால், கடைசி ஒரு மணி நேரம் கைபேசி வெளிச்சத்தில்தான் கூட்டம் நடந்தது. இதழைத் தொடங்கி வைத்தவர் சைவ மடத் தலைவரான திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் என்பது இளைய உறுப்பினர்கள் பலருக்கு வியப்பாக இருந்தது. அதைவிட வியப்பு, ஆசிரியர்கள் பெயர் அச்சாகியிருந்த விதம்: ஒருவர் பெயரின் கடைசியில் நாயக்கர், மற்றவரான வா.மு. தங்கப்பெருமாள் பெயரின் கடைசியில் பிள்ளை. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக இரண்டு முறை சிறை போனவர், சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி வைத்ததற்காகக் காங்கிரசுக்குள் மல்லுக்கு நின்றவர், தம் இதழின் முகப்பில் சாதிப் பெயரோடுதான் வந்தார். அந்த வால் 1927 இறுதியில்தான் விழுந்தது. இந்த இரண்டரை ஆண்டு இடைவெளியை மறைக்காமல் படிப்பதே இதழுக்குச் செய்யும் மரியாதை என்று அன்று நான் பேசினேன். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், பதவிகளில் ஒவ்வொரு சமூகத்துக்கும் பங்கு கேட்ட வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படாமல் போய், அவர் கட்சியை விட்டு வெளியேறிய பிறகு, கையிலிருந்த ஒரே மேடை இந்த வார இதழ்தான்.

மழைக்காலம் வரை நடந்த கூட்டங்களில் நாகம்மையாரைப் பற்றியதே நிறைவானது. 1931 டிசம்பரில் கப்பலேறி, சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் பார்த்து, இலங்கை வழியாக 1932 நவம்பரில் திரும்பிய ஈ.வெ.ரா., பெயருக்கு முன்னும் பின்னும் போடும் பட்டங்களை விட்டு எல்லோரையும் ‘தோழர்’ என்று அழைக்கும்படி இதழில் கேட்டுக்கொண்டார். ஆறே மாதத்தில், 1933 மே 11இல், மனைவி மறைந்தார். அடுத்து வந்த இதழில் அவர் எழுதிய இரங்கலில், போனது துணையா, அடிமையா, ஊக்கமா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். பெண் விடுதலையை ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்கைக்கூட வீட்டில் நடத்திக் காட்டவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். உரக்கப் படித்த உறுப்பினர் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டார். அன்று விவாதம் வேண்டாம் என்று தலைவர் கூட்டத்தை முடித்தார்.

அதே ஆண்டு அக்டோபரில், ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்ட தலையங்கத்துக்காக அரச நிந்தனை வழக்கு வந்து, ஆசிரியரும், வெளியிடுபவரான தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றனர். ‘குடிஅரசு’ நின்றபோது ‘புரட்சி’ வந்தது. அது நின்றபோது 1934இல் ‘பகுத்தறிவு’ வந்தது. 1935இல் மீண்டும் ‘குடிஅரசு’. ஒரு பலகையைக் கழற்றினால் இன்னொரு பலகையை மாட்டிக் கடையைத் திறக்கிற வியாபாரியின் பிடிவாதம் இது. ஆனால் அதற்குப் பிறகு சமதர்மப் பிரசாரத்தின் சூடு தணிந்ததும், அதனால் ஜீவானந்தம் போன்றவர்கள் பிரிந்ததும் உண்மை. பொதுவுடைமையரான சிங்காரவேலரைக் கட்டுரை எழுத வைத்த இதழ், ஜமீன்தார்கள் நிறைந்த நீதிக்கட்சிக்குத் துணை நின்றது சரியா என்ற விவாதம் இரவு ஒன்பதரை வரை நீடித்து, வாயிற்காவலர் வந்து விளக்கை அணைக்கும் வரை முடியவில்லை. ஈ.வெ.ரா. தம் சுயமரியாதை இயக்கத்தைக் காப்பாற்றினார் என்போரும் பின்வாங்கினார் என்போரும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருந்தனர். நான் இரண்டாவது பக்கம்.

நவம்பரில், ஈய அச்சுக் காலத்தில் கோப்பவராக இருந்த உறுப்பினர் தம் பழைய அச்செழுத்துகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். லை, ளை, ணை, னை ஆகியவற்றின் தலையில் துதிக்கை வளைந்திருக்கும் எழுத்துகளும், ணா, றா, னா சுழித்து ஒன்றாகியிருக்கும் எழுத்துகளும் ஒவ்வொன்றும் தனி அச்சு. பெட்டியில் தனி அறை. மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே இணைக்கொம்பையும் காலையும் இவற்றுக்கும் போட்டால் அத்தனை அறையும் மிச்சம். 1935 ஜனவரியில் ‘குடிஅரசு’ செய்தது அதைத்தான். எழுத்துச் சீர்திருத்தம் என்று நாம் பெரிதாகப் பேசுவதில் ஒரு பாதி, அச்சகம் வைத்திருந்தவரின் செலவுக் கணக்கு என்று எனக்குப் படுகிறது; அதில் குறைவொன்றுமில்லை. அரசு அதை ஏற்றது 1978இல், அவர் மறைந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு.

டிசம்பரில் பெரியார் - அண்ணா நினைவு இல்லத்துக்கு நடந்தே போய்வந்தோம். 1937இல் ஈ.வெ.ரா. கைக்கு வந்த ‘விடுதலை’ நாளிதழ், அதில் உதவியாசிரியராக இருந்த அண்ணா, 1949 நவம்பரில் ‘குடிஅரசு’ நின்றது ஆகியவற்றை வழியிலேயே பேசி முடித்தோம். வரும் ஆண்டில் ‘விடுதலை’யை எடுப்பதா வேண்டாமா என்பது பேரவையின் முடிவு.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். ஐம்பதாயிரத்தை விட்டுக்கொடுத்தவரே பிற்காலத்தில் கையெழுத்துக்கும், குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கும் காசு வாங்கி இயக்கத்தில் சேர்த்தார் என்பதை ஓராண்டு படித்த பிறகும், சந்தா பாக்கியைக் கேட்க எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலருகே பொருளாளரைப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்